கைப்பேசிக்குள் கட்டை வேஷம்

திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடிக்கொண்டிருக்கிறான். திரையைப் பிடித்திருப்பவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியவர். இன்னொருவர் அடுத்த காட்சிக்கு வேஷம் போட்டு முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பெண்வேஷக்காரர். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால், அவ்வளவுதான் தெரிகிறது. பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். திரை ஒரு பக்கம் சரிகிறது. ஒரு தோள் தெரிகிறது, புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் மின்னுகின்றன, மறுபடி மூடிக்கொள்கிறது. சலங்கை வேகம் பிடிக்கிறது. இதோ திரை விலகப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது வீடியோ முடிந்துவிடுகிறது. ஐம்பது சொச்சம் விநாடி.

எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. கூத்து பார்த்து வளர்ந்தவர் என்பது மட்டும் நிச்சயம். கூத்தறியாதவர் என்றால் திரை விலகிய பிறகுதான் பட்டனை அழுத்துவார். கிரீடம், சுழற்சி, விசில் என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவார். ராஜ வேஷம் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருவதில் பாதி ருசி, அது வராமல் இழுத்தடிப்பதில் இருக்கிறது. விருத்தம், பாட்டு, நடுவில் கோமாளியான கட்டியக்காரனின் குறுக்குப் பேச்சு என்று நேரத்தைக் கடத்தி, ஊர் மொத்தத்தையும் கழுத்தை நீட்ட வைத்த பிறகே வேஷம் வெளிப்படும். அந்தத் தவிப்பை ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிட்டு, மிச்சத்தை வந்து பார்த்துக்கொள் என்று விட்டிருக்கிறார் அந்த மனிதர்.

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்தை அந்தந்த ஊர்க்காரர்களே இப்படித் துண்டு துண்டாக எடுத்து வலையேற்றுகிறார்கள். மிருதங்கக்காரர் மகன், வேஷம் கட்டுகிறவரின் மருமகன், திருவிழாவுக்கு ஊர் வந்திருக்கும் கம்பெனி வேலைக்காரப் பையன் என்று பார்த்தாலே தெரிகிற கைகள். கேசட் காலம் போய், விசிடி காலம் போய், விடிய விடியப் பதிந்த முழு இரவுக் கூத்து யூடியூபில் கிடக்கும் காலம் வந்து, அதன் பிறகு வந்தது இது. டிக்டாக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 2020 ஜூன் கடைசியில் அது தடையானதும் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷம்தான் பங்குனி, சித்திரை என்று கூத்து சூடு பிடிக்கும் மாதங்களை ஊரடங்கு அப்படியே விழுங்கியது. வேஷப் பெட்டி திறக்காத அந்தச் சீசனுக்குப் பிறகு, களரிக்கு வந்த கைப்பேசிகளைக் கூத்துக் குழுவினரான ஜமாக்காரர்கள் முன்போல முறைக்கவில்லை என்பது என் கணிப்பு.

நகரத்துக்குக் கூத்தின் அருமையை எழுத்தில் எடுத்துச் சொன்னவர் நாடகாசிரியர் ந. முத்துசாமி. புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தில் சொக்கிப்போய் அவர் எழுதிய கட்டுரைகளுக்கு இன்றும் ஈடில்லை. 1977-இல் அவர் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியதற்கும் அந்தச் சொக்கலில் பங்குண்டு. ஆனால் அது வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் வியப்பு. இந்தப் பையன்களுக்கு வியப்பு கிடையாது. எந்த இடத்தில் ஜமாவை நடத்தும் வாத்தியார் மூச்சு வாங்குவார், எந்த அடியில் முகவீணை ஏறும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. கைப்பேசியை எப்போது உயர்த்த வேண்டும் என்பதை அந்த அறிவுதான் சொல்லித் தருகிறது.

நெட்டுவாக்கில் பிடித்த படம் என்றாலே முகம் சுளிக்கிற சினிமாக்காரர்கள் உண்டு. கூத்துக்கு அது சில சமயம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது. மரக்கட்டை அணிகள் பூட்டிய கட்டை வேஷம் தனியாக நின்றால் கிரீடத்திலிருந்து சலங்கை வரைக்கும் சட்டகம் நிறைந்துவிடும். அர்ச்சுனன் தபசு இன்னும் பொருத்தம். பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யப் போகிறவன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து அவன் விபூதியும் பூவும் எலுமிச்சம்பழமும் இறைக்கிறான். குறுக்குவாக்குப் படத்தில் மரம் இருக்கும், வெறும் வானமும் நிறைய இருக்கும். நெட்டுவாக்கில் மரம் மட்டுமே இருக்கிறது. பாட்டின் அடிக்கு ஒரு படி என்று கேமரா மெல்ல நிமிர்ந்துகொண்டே போகும் ஒரு துண்டு பார்த்தேன். பெரிய பெரிய ஆவணப்படக்காரர்கள் பொறாமைப்படலாம்.

இரண்டு பேர் தர்க்கம் செய்யும் இடத்தில்தான் சட்டகம் காலை வாருகிறது. கர்ண மோட்சத்தில் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைகேட்கிறான். களரியின் இந்தக் கோடியில் அவன், அந்தக் கோடியில் அவள். இருவரையும் அடைக்கப் பின்னால் போனால் முகம் தெரியாது. அங்குமிங்கும் கேமராவைத் திருப்பினால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். கெட்டிக்காரன் ஒருவன் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறான். கர்ணன் பாடுவது முழுக்கக் காதில் விழுகிறது, படத்தில் பொன்னுருவி மட்டும் இருக்கிறாள். ஆண் நடிகர், நாற்பதைத் தாண்டியவர், மீசையை மழித்த இடத்தில் பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாகக் கலைந்திருக்கிறது. அவர் எதுவும் செய்வதில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார். கர்ணன் கடைசி அடியை முடிக்கும்போது சுற்றுவது நின்றுவிடுகிறது. களரியில் நேரில் பார்த்திருந்தால் நான் கர்ணனைத்தான் பார்த்திருப்பேன். கேட்கிற முகத்தைக் காட்டியதால் எனக்குக் கிடைத்த லாபம் இது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீப்பந்தமும் பெட்ரோமாக்ஸும் போய் இப்போது குழல்விளக்கும் எல்.இ.டி.யும் எரிகின்றன. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் இந்த விளக்குகளில் பல விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். பட்டைக்குப் பயந்து 1/50-இல் நிறுத்தியவர்களுக்கு இன்னொரு அழகும் சேர்ந்தே வாய்த்தது. வீர வேஷம் கிறுகிறுவென்று சுற்றும்போது பாவாடை விரிந்து, அதன் நிறங்கள் கரைந்து இழுபட்டுப்போகின்றன. முகம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நம் பக்கம் திரும்பும் கணத்தில் துலக்கமாகத் தெரிந்து மறைகிறது. சில்லுச் சில்லாய் எல்லாம் கூர்மையாகத் தெரிகிற வேகமான ஷட்டரில் அதே ஆட்டம் பொம்மை ஆட்டம் போல இருக்கும்.

சத்தம்தான் பெரும்பாடு. இப்போதைய களரியில் பந்தலிலிருந்து மைக் தொங்குகிறது. நடிகர்கள் பாடும்போது அதன் அடிக்கு வந்து நிற்கிறார்கள், ஆடும்போது விலகுகிறார்கள். மைக்கைப் பார்த்து நின்றால் நல்ல முகம் கிடைக்கும், ஆனால் ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தால் கைப்பேசியின் காது அடைத்துப்போகும். ஆர்மோனியமும் டோலக்கும் கூழாகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் வாத்தியக்காரர்களின் பெஞ்சுக்கு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அங்கே பெருக்கி வழியாக வராத மிருதங்கமும் தாளமும் நேராகக் கிடைக்கின்றன. தவிர முகவீணைக்காரரும் கிடைக்கிறார். முழங்கை நீளம்கூட இல்லாத குழல், எட்டு ஊருக்கும் கேட்கிற குரல். வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உப்பிய கன்னத்தோடு, மூச்சை விடாமல், பாடகரின் கடைசி எழுத்தை அவர் பிடித்து நீட்டுவதை ஒரு முழு நிமிடம் வேறெங்கும் நகராமல் எடுத்திருக்கும் துண்டுகள் இரண்டொன்று இருக்கின்றன. களரியில் எவரும் அவரைப் பார்ப்பதில்லை. வேஷத்தைத்தான் பார்ப்போம்.

வேஷம் போடும் கொட்டகைக்குள் எடுத்தவை தனி ரகம். கையில் சின்னக் கண்ணாடி, மடியில் அரிதாரத் தட்டு. தேங்காயெண்ணெயில் குழைத்த சிவப்பை நெற்றியிலிருந்து கீழே இழுத்து, கறுப்பில் மீசை எழுதி, அதன் ஓரமாக ஈர்க்குச்சி நுனியால் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார். மூன்றாவது புள்ளியில் யாரோ டீ கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வர்ணம் கலையாமல் உதட்டைக் குவித்துக் குடிக்கிறார். பிறகு புடவைகளை மடித்து இடுப்பில் சுற்றி, கயிறால் இறுக்க ஆள் கூப்பிடுகிறார். முட்டி போட்டு ஒருவர் இழுக்கிறார், இவர் மூச்சை உள்ளே வாங்கிக்கொள்கிறார். கட்டைகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று 2024 அக்டோபரில் ஆனபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஒப்பனைதான். அறுபது விநாடியில் அதை வேகமாய் ஓட்டிக் காட்டுவார்கள், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மூன்று நிமிடத்தில் அந்தக் கை நடக்கிற நிதானத்திலேயே காட்ட முடிகிறது.

துரியோதனன் சாகும் படுகளத்தை எடுக்கும் ட்ரோன்களை நான் வழக்கமாகத் திட்டுகிறவன். கூட்டத்தின் தலைக்கு மேல் ரீங்காரம் போட்டு ஒப்பாரியைக் கெடுக்கும். ஆனாலும் மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்திய பிரம்மாண்டத் துரியோதனனைத் தரையில் நிற்கிற எவனும் முழுசாகப் பார்த்ததில்லை. காலடியில் நின்றால் தலை தெரியாது. மேலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிவிட்டால் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறொன்று. பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிக்கும் அந்த நேரத்தில் கூட்டத்தில் பலருக்கு அருள் வரும். சேலை விலகித் தலைவிரி கோலமாய் விழுகிற பெண்களை நெருங்கிப் போய் எடுத்து, மேலே சினிமா பக்திப் பாட்டை ஒட்டிப் போடுகிறார்கள். கூத்தாடுகிறவன் பார்க்கப்படுவதற்கென்று வேஷம் கட்டி வருகிறான். அந்தப் பெண் அப்படி வந்தவள் அல்ல.

சினிமாப் பாட்டு ஒட்டுவது பொதுவாகவே கொடுமை. நல்ல தொண்டைக்காரர் ஒருவர் உச்சஸ்தாயியில் நின்றிருப்பார், வாய் அசையும், கேட்பது ஏதோ படத்தின் பின்னணி இசையாக இருக்கும். கட்டியக்காரனின் இரட்டை அர்த்த வசனங்களை மட்டும் தேடித் தேடி வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ராஜாவையே கேலி செய்து, ஊர்ப் பெரிய மனிதரையும் போகிற போக்கில் இழுத்துவிட்டு, கதையையும் நகர்த்துகிறவன் அவன். அவனை வெறும் கொச்சைப் பேச்சாக்கிவிடுவது சோம்பேறித்தனம்.

புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடக்கும் விழா போன்றவற்றுக்கு நகரத்து ரசிகர்களும் கேமராக்களும் வந்துவிடுகின்றன. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990-இல் பெ. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், 2002 முதல் அது நடத்திய குருகுலமும் படிப்போடு கூத்தையும் சொல்லிக் கொடுத்தன. அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். அவற்றைப் பற்றி எழுதவும் பேசவும் ஆள் உண்டு. பெயர் தெரியாத சின்ன ஊர் ஜமாவுக்குத்தான் இந்த ஒரு நிமிடம் பெரிய விஷயம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தாம்பூலம் வைத்து அச்சாரம் கொடுக்கும் முன் இப்போது கைப்பேசியில் ஆட்டத்தைப் பார்த்துவிடுகிறார்கள். படத்தின் அடியில் வாத்தியார் பெயரும் ஊரும் இருந்தால் அவருக்கு ஓர் இரவுக் கூலி கிடைக்க வாய்ப்புண்டு. எத்தனையோ அருமையான துண்டுகளில் எடுத்தவனின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆடினவனின் பெயரைக் காணோம். துரியோதனன் யார், எந்த ஜமா, என்ன நாடகம், எந்த ஊர்க் கோயில், வடக்கத்திப் பாணியா தெற்கத்திப் பாணியா என்று நாலு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? எடுக்கிற தம்பிகள் இதை மட்டும் செய்துவிட்டால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. பங்குனி பிறந்தால் செய்யாற்றிலிருந்து வந்தவாசி போகிற வழியில் ஏதாவதொரு ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும், விடியும்போது முடியும். டிக்கெட் கிடையாது. ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள்.