கோடு கடந்த பந்து

காற்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் நடுவரிடமே தொடங்கி நடுவரிடமே முடித்துவிடுகின்றனர். தோற்ற குழுவின் ஆதரவாளருக்கு நடுவர் எளிதில் கிடைக்கும் குற்றவாளி. அவர் திடலின் நடுவே தனித்து நிற்கிறார். அவர் செய்யும் பிழை ஒரு நொடியில் நிகழ்கிறது. பல்லாயிரம் கண்கள் அதனைக் காண்கின்றன. நிருவாகக் குழுவின் அறைக்குள் நிகழும் பிழைக்கோ, பத்து வயதுச் சிறுவனுக்கு முறையான பயிற்சி அளிக்காமல் விட்ட பிழைக்கோ அத்தகைய சாட்சிகள் இல்லை. அதனால் அனைத்துலகக் காற்பந்தைப் பற்றிய திறனாய்வு, சாட்சியுள்ள பிழையைப் பெரிதாக்கிச் சாட்சியற்ற பிழைகளைத் தப்பவிடுகிறது. இக்குறையை ஆராய்வதற்கு, 2010ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதிய உலகக் கிண்ண ஆட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

ஜெர்மனி இரண்டு கோல்கள் முந்தியிருந்தது. 37ஆம் நிமிடத்தில் அப்சன் தலையால் முட்டி ஒரு கோலைப் போட்டார். மறு நிமிடமே லம்பார்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டு, கோட்டுக்கு வெகு உள்ளே விழுந்து, மீண்டும் வெளியே துள்ளியது. ஜெர்மானிய கோல் காவலர் நோயர் ஒன்றும் நடவாதது போல் அதனைப் பற்றி எறிந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். உருகுவே நாட்டு நடுவர் லரியோண்டா விசிலை ஊதவில்லை. துணை நடுவர் கொடியை உயர்த்தவில்லை. அரங்கிலிருந்தோரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோரும் கண்ட கோல், அதனைக் கண்டாக வேண்டிய இருவருக்கு மட்டும் தெரியவில்லை. முடிவில் இங்கிலாந்து 1–4 என்னும் கணக்கில் தோற்றது.

இதில் நடுவரின் குற்றம் எவ்வளவு? துணை நடுவர் கோல் கோட்டிலே நிற்பவர் அல்லர். 'ஆஃப்சைட்' பிழையைக் கண்காணிப்பதற்காகப் பின்களக் காவலருக்கு நேராக ஓடிக்கொண்டிருப்பவர். தொலைவிலிருந்து உதைக்கப்பட்ட பந்து ஒரு நொடிக்குள் கம்பத்தைத் தொட்டுத் தரையைத் தொட்டுத் திரும்பும்போது, அவர் கண் அந்தக் கோட்டுக்கு நேராக இருக்க வழியில்லை. பிழை மனிதனுடையது என்பது உண்மை. ஆயினும் அப்பிழை நேரும் என்பது முன்பே தெரிந்த ஒன்று என்பதும் உண்மை. ஆட்ட விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியம் அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் சூரிச்சில் கூடிய பொழுது, கோல் கோட்டுக் கருவி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. நான்கு மாதங்கூடக் கழியவில்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றுத் தீர்ப்பளித்தான். ஆயினும் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, அச்சான்றைக் காணும் வாய்ப்பு அவன் அவைக்கு இருந்தது. புளூம்ஃபொன்டைனில் அந்த வாய்ப்பே விதியால் அடைக்கப்பட்டிருந்தது. சிலம்பை உடைத்துப் பார்ப்பது ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்று வாதிட்டோர் அரசவையில் அமர்ந்திருந்தனர். பழியை ஏற்றவரோ திடலில் நின்றவர்.

அவ்வாரியத்தின் அமைப்பையும் இங்குக் கருத வேண்டும். 1886இல் தோன்றிய அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்குத் தலைக்கு ஒரு வாக்கும், உலகின் மற்ற நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஃபிபாவுக்கு நான்கு வாக்குகளும் உண்டு. எட்டில் ஆறு வாக்குகள் இன்றி எந்த விதியும் மாறாது. ஆகவே ஃபிபாவின் தலைமை விரும்பாத மாற்றம் நிறைவேறாது. 1966ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஹர்ஸ்ட் உதைத்த பந்து கோட்டைக் கடந்ததா என்னும் வழக்கு இதே இரு நாடுகளுக்கிடையே எழுந்தது. அன்று கோட்டு நடுவர் பஹ்ராமோவின் தலையசைப்பில் இங்கிலாந்துக்கு கோல் கிடைத்தது. 2010இல் கணக்கு நேராகிவிட்டது என்று நகைத்தோர் உண்டு. நகைச்சுவை என்ற அளவில் அது நன்று. ஆனால் 44 ஆண்டுகளாக ஒரே ஐயம் தீர்க்கப்படாமல் கிடந்ததை எந்த நிருவாகமும் பெருமையாகக் கொள்ள இயலாது.

விளைவுகளைப் பாருங்கள். லரியோண்டாவின் பெயர் அடுத்த சுற்றுகளுக்கான நடுவர் பட்டியலில் இல்லை. ஃபிபாவின் தலைவர் பிளாட்டர் இங்கிலாந்துச் சங்கத்திடம் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தம் பதவியில் தொடர்ந்தார். அவர் விலகப் போவதாக அறிவித்தது, 2015 மே மாதம் சூரிச்சின் விடுதியொன்றில் ஃபிபாவின் உயர் அலுவலர்கள் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் கைதான பின்னரே. கருவிக்கு 2012இல் ஒப்புதல் கிடைத்தது. 2014 உலகக் கிண்ணத்தில் அது பயன்பட்டது. 2018இல் ஒளிப்பதிவு உதவி நடுவர் முறையும் வந்தது. கோட்டைப் பற்றிய ஐயம் ஒழிந்தது. கையில் பந்து பட்டது குற்றமா, இயல்பா என்னும் ஐயம் ஒழியவில்லை. அளக்கக் கூடியதைக் கருவி அளக்கும். கருத்தைக் கருவி அளக்காது.

எனினும் புளூம்ஃபொன்டைன் ஆட்டத்தின் மெய்யான பாடம் லம்பார்டின் பந்தில் இல்லை, எதிரணியில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் மூன்று நிமிட இடைவெளியில் இரு கோல்களைப் போட்ட முல்லருக்கு அப்போது வயது 20. அவ்விரு கோல்களுக்கு எந்த நடுவரும் காரணர் அல்லர். பந்தைப் பறிகொடுத்த இங்கிலாந்து, ஓடி வந்த இளைஞர்களைத் தடுக்க இயலாமல் நின்றது. ஓராண்டுக்கு முன், 2009இல், 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி இதே இங்கிலாந்தை 4–0 என்று வென்றிருந்தது. நோயர், ஓசில், கெடிரா, போவாட்டெங் ஆகியோர் அந்த இளையோர் குழுவில் விளையாடியவர்கள். எச்சரிக்கை எழுத்தில் வந்திருந்தது, படிப்பாரில்லை.

அக்குழு எங்கிருந்து வந்தது? 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜெர்மனி மூன்று ஆட்டங்களில் ஒரே புள்ளி பெற்றுக் கடைசி இடத்தில் நின்றது. நடுவரைப் பழிக்க அங்கும் காரணம் தேடியிருக்கலாம். ஆனால் அந்நாட்டுச் சங்கம் தன்னையே பழித்துக்கொண்டது. முதல்நிலைக் கழகங்கள் யாவும் இளையோர் பயிற்சிக் கூடம் நடத்தியாக வேண்டும் என்று விதித்தது. 2002 முதல் நாடெங்கும் 350க்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களை அமைத்து, பெரிய கழகங்களின் பார்வைக்கு எட்டாத சிற்றூர்ச் சிறுவர்களையும் தேடியது. இதன் பலன் 2014இல் உலகக் கிண்ணமாக வந்தது. இடையே 14 ஆண்டுகள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஜெர்மனி தோற்ற ஆட்டங்கள் பல; திட்டத்தை யாரும் கலைக்கவில்லை. வெற்றிக்குப் பின் 2018இலும் 2022இலும் அந்நாடு முதற்சுற்றிலேயே வெளியேறியதையும் சொல்ல வேண்டும். பயிர்த்தொழில் போன்றே இதுவும். ஓராண்டு விளைச்சலை நம்பி மறு ஆண்டு உழாமல் இருக்க முடியாது.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்கு இச்செய்திகள் தொலைநாட்டுக் கதைகள் அல்ல. நடுவர் பணியில் இவ்வட்டாரம் பின்தங்கியதும் அன்று: 1974 உலகக் கிண்ணத்தில் போலந்துக்கும் ஹைத்திக்கும் நடந்த ஆட்டத்தை நடத்தியவர் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. ஆட்டக்காரர்களை உருவாக்குவதிலும் நிருவாகத்திலுந்தான் தளர்ச்சி. 2025 ஜூனில் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4–0 என்று வென்றது. அவ்வாட்டத்தில் இறங்கிய வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் மெய்யானவை அல்ல என ஃபிபா செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மலேசியச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்கு தண்டம், எழுவருக்கும் தடை. நவம்பரில் ஃபிபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அத்தவற்றை விசில் ஊதித் தடுக்க எந்த நடுவராலும் இயலாது. அது திடலில் நிகழ்ந்ததன்று, தாளில் நிகழ்ந்தது. பேரனைத் தேடிக் கடல் கடந்து செல்லும் சங்கம், உள்ளூர்ப் பள்ளித் திடலில் விளையாடும் பிள்ளையைப் பற்றி என்ன கருதுகிறது என்னும் வினா அத்தீர்ப்பில் எழுப்பப்படவில்லை. எழுப்ப வேண்டியவர்கள் இந்நாட்டின் திறனாய்வாளர்கள்.

விதை இல்லாமலும் இல்லை. மியூனிக் நகரின் பாயர்ன் கழகத்தில் இளையோருக்குப் பயிற்சியளித்த மலேசியர் லிம் தியோங் கிம், தாயகம் திரும்பித் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தை வழிநடத்தினார். பகாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் பயிற்சிக் கழகமும் எழுந்தது. 2018இல் கோலாலம்பூரில் நடைபெற்ற 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் மலேசியச் சிறுவர்கள் முதற்சுற்றைத் தாண்டவில்லை; அவருடைய பணியும் அவ்வாண்டே முடிவுக்கு வந்தது. அன்று தோற்ற சிறுவர்களுள் மூத்தவர்களுக்கு, புக்கிட் ஜாலிலில் அந்த ஏழு பேரும் களமிறங்கிய ஆண்டில், வயது இருபத்து மூன்று.