கரையோரமும் கடலோரமும்

கொழும்பு காலிமுகத்திடலுக்கு எதிரே உயர்ந்து நிற்கும் கோபுரங்களைக் காணும் தமிழக விருந்தினர், இத்தீவில் கடலருகே கட்டுவதற்குச் சட்டமே இல்லை போலும் என்று சொல்லிச் செல்வதுண்டு. அக்கூற்று பிழையானது. இந்தியா தன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை 1991இல் வெளியிடுவதற்குப் பத்தாண்டு முன்னரே, இலங்கை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தை நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றிவிட்டது.

இரு நாட்டு நோக்கும் சொற்களிலேயே புலப்படும். அங்கே சுற்றுச்சூழல், இங்கே சுற்றாடல். அங்கே பெருநகர வளர்ச்சிக் குழுமம், இங்கே நகர அபிவிருத்தி அதிகார சபை. கட்டி முடித்தபின் குடிபுகுமுன் பெறவேண்டிய ஆவணம் சென்னையில் 'நிறைவுச் சான்றிதழ்', கொழும்பில் 'இணக்கச் சான்றிதழ்'. பெயரளவில், முன்னது கட்டடம் முடிந்ததைச் சுட்ட, பின்னது அனுமதித்த வரைபடத்தோடு ஒத்ததைச் சுட்டுகிறது.

சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் இலங்கையின் கரையோர வலயமாகும். அதனுள் எழும் கோபுரம் நகர அனுமதியோடு கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தையும் பெற வேண்டும். இந்தியாவின் 500 மீற்றர் மண்டலம் அகன்றது. வளர்ந்த நகர்ப்பகுதிகளைக் குறிக்கும் அதன் இரண்டாம் வகையில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம். ஆயினும் அகலம் மட்டும் காவலாகிவிடாது என்பதைக் கொச்சியின் மரடு காட்டியது. உள்ளாட்சி அனுமதியுடன் காயலோரத்தில் எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகள், மக்கள் குடியேறிய பின், உச்ச நீதிமன்ற ஆணையால் 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. இடிக்கவும் துணிந்த நீதிமன்றம் என்ற பெருமையை இந்தியாவுக்கு மறுப்பதற்கில்லை எனினும், நுழைவாயிலிலேயே தடுப்பதன்றோ சட்டத்தின் சிறப்பு.

அந்த நுழைவாயில் இலங்கையில் எப்போதும் ஒரே அகலத்தில் இருந்ததில்லை. 269 ஹெக்டேயர் கடலை நிரப்பிய கொழும்புத் துறைமுக நகரப் பணி, 2015இல் நிறுத்தப்பட்டு, மேலதிகச் சுற்றாடல் மதிப்பீட்டின் பின் 2016இல் தொடர்ந்ததைச் சட்டத்தின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவோர், அந்நிறுத்தம் ஆட்சி மாற்றத்தோடு வந்ததையும், 2021இல் அந்நிலத்துக்கெனத் தனி ஆணைக்குழு அமைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனினும் ஒன்றில் இலங்கையின் மேன்மை தெளிவு. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீற்றரை எட்டும் கட்டடத்துக்கு முன்னிசைவைக் கட்டாயமாக்கியும், அத்தகைய கட்டடங்களை மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கியது. அதனை மாற்றவந்த 2020ஆம் ஆண்டு வரைவைப் பிற மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டமோ, தன் கீழ் வரும் மதிப்பீட்டறிக்கை பற்றிய அறிவித்தலை வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளியிட்டு, 30 நாள்கள் கருத்துக் கேட்கச் சொல்கிறது. கரையோர வலயத்தினுள் முழுதும் அடங்கும் கோபுரத்துக்கு அறிக்கை தேவையா என்பது கரையோரத் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் தீர்மானம் என்பதும், அறிவித்தலை எத்தனை பேர் வாசிக்கின்றனர் என்பதும் வேறு வினாக்கள். தன் மொழியில் ஓர் அரச கடிதம் பெறவே நெடுங்காலம் வாதாடிய சமூகத்துக்கு, ஆட்சேபிப்பதற்கான அழைப்பு தமிழில் அச்சாக வேண்டும் என்று சட்டம் எழுதியிருப்பது சிறிய செய்தியன்று.