மிஸி வீட்டுக்குப் போகாத கதைகள்

சாட்டியில் நான் கற்பிக்கும் மாணவன் ஒருவனின் தாயார் தாதியாகக் கடமையாற்றுகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மிஸி'. பண்ணைப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் அவருக்கு வாசிப்பில் ஆர்வமுண்டு. தாதியர் பாத்திரமாக வரும் எமது போர்க்காலச் சிறுகதைகள் சிலவற்றைத் தேடியெடுத்து அவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சேர். ஆனா ஒரு கதையிலயும் மிஸி வீட்டுக்குப் போகேல்லையே."

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பாத்திரப் படைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவன் நான். எனக்கு இப்படியொரு கேள்வி தோன்றியதேயில்லை. மீண்டும் வாசித்தேன். அவர் சொன்னது சரி. அக்கதைகளில் தாதி சேலைன் போத்தலை மாற்றுகிறாள், காயப்பட்டவனின் கடைசி வார்த்தைகளைக் கேட்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். கதைசொல்லி வார்டை விட்டு வெளியேறியதும் அவளும் மறைந்துவிடுகிறாள். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நிகழ்ந்த படுகொலை பற்றி நான் வாசித்த கவிதைகள் ஷஹீதானவர்களைப் பாடின. காயப்பட்டவர்களின் இரத்தத்தைத் துடைத்த கைகள் அன்றிரவு என்ன செய்தன என்று அவற்றில் ஒன்றேனும் கேட்கவில்லை.

எமது மேடைகளும் இதற்கு விலக்கல்ல. தாதியரைப் பற்றிப் பேச நேர்ந்தால் ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரத்தை நினைவூட்டுவோம். அகழ் யுத்தத்தில் அம்பு தைத்த ஸஅத் பின் முஆத் (ரழி) அவர்கள் அக்கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் அந்தக் காயம் மீண்டும் திறந்து ஸஅத் (ரழி) மரணித்ததை வேறோர் உரையில்தான் சொல்வோம். பராமரித்தவரின் பக்கத்தில் நின்று அந்த மரணத்தை நாம் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு திரைப்படத்தைக் குறிப்பிட வேண்டும். 1969இல் அஸித் சென் இயக்கிய 'காமோஷி'. 1959இல் சுசித்ரா சென் நடிக்க வங்காளத்தில் தாம் எடுத்த படத்தையே அவர் ஹிந்தியில் மீண்டும் எடுத்தார். செங்கல்பட்டில் பிறந்து, 'காலம் மாறிப்போச்சு' படத்தின் மூலம் தமிழிலும் தோன்றிய வஹீதா ரஹ்மான்தான் இதில் தாதி ராதா. மனநோயாளியைக் குணப்படுத்த அன்பு காட்டும்படி மருத்துவர் அவளைப் பணிக்கிறார். முதலாமவன் குணமாகிப் போய்விடுகிறான். அவள் மனம் அவனோடு போய்விடுகிறது. இரண்டாமவனையும் குணப்படுத்துகிறாள். முடிவில் அவளே அந்த வைத்தியசாலையின் நோயாளியாகிறாள்.

தாதியின் மனமும் செலவழியக்கூடியது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படைப்பு எமது மொழியில் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை. ராதா நொறுங்குவதற்கு ஒரு காதல் தேவைப்படுகிறது. காதல் இல்லாவிட்டால் அவள் நொறுங்கியிருக்க மாட்டாளா? கவனித்துப் பாருங்கள், இந்தப் படத்திலும் மிஸி வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்குள்ளேயே கட்டிலுக்கு மாறுகிறாள்.

எமது மண்ணில் அதற்குக் காதல் தேவைப்படவில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தது. இரு நாட்களில் பணியாளர்கள் 21 பேர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மறுநாட் காலை, குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியர் சிலருடன் கைகளை உயர்த்தியபடி நடந்துவந்து சுடப்பட்டதை 'முறிந்த பனை' பதிவு செய்துள்ளது. இறந்தவர்களை ஒவ்வோர் ஒக்டோபரிலும் நினைவுகூருகிறோம். அதுவே சரி. ஆனால் உயிர்தப்பிய தாதியர் அதே விறாந்தையில் மீண்டும் மருந்துத் தட்டை ஏந்தி நடந்திருப்பார்களே, அந்த நடையை எழுதிய கதை எங்கே?

1992இல் அமெரிக்கத் தாதிய சஞ்சிகையொன்றில் கார்லா ஜோய்ன்சன் இந்நிலையைப் பற்றி எழுதினார். 1995இல் சார்ள்ஸ் ஃபிக்லி அதனை நூலாக விரித்தார். 'இரக்கக் களைப்பு' எனத் தமிழில் சொல்லலாம். பிறர் பட்ட கொடுமையை நாளாந்தம் கேட்டும் பார்த்தும் வருபவருக்கு, அதைப் பட்டவரின் அறிகுறிகளே தொற்றிக்கொள்கின்றன: நித்திரையின்மை, திடுக்கிடல், மனம் மரத்துப்போதல். இந்த மூன்றாவதை எமது எழுத்தாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அடையாளம் தெரியாமல் கண்டிருக்கிறார்கள். நகைச்சுவைக்காக அவர்கள் படைத்த 'எரிந்து விழும் நேர்ஸ்' பலவேளை களைத்துப்போன ஒரு மனம்தான். அதைக் குணக்கேடாக எழுதியது வாசிப்புப் பிழையன்று, பார்வைப் பிழை.

2009இன் முதல் மாதங்களில், வன்னியிலிருந்து காயப்பட்டோர் வந்திறங்கிய வைத்தியசாலை ஒன்றில் எங்கள் மிஸி வேலை செய்திருக்கிறார். அப்போது இளம் தாதி. அதைப்பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. புத்தகங்களைத் தந்த அன்று மட்டும் சொன்னார்:

"இப்பவும் மகன் பின்னேரத்தில 'அம்மா' எண்டு கூப்பிட்டா, எந்தக் கட்டில் எண்டுதான் சேர் முதல்ல பாக்கிறன்."

நான் பதில் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எமது பாடசாலை விழாவொன்றில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். வாழ்த்துமடலை எழுதியவன் நானே. 'வெள்ளுடைத் தேவதை' என்று தொடங்கியிருந்தேன். தேவதைக்குக் களைப்பில்லை, நித்திரை தேவையில்லை, போவதற்கு ஒரு வீடும் தேவையில்லை. புகழ்ந்தே ஒருவரின் அழும் உரிமையைப் பறிக்கலாம் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அச்சொல்லை இங்கே மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி எழுதப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வார்டின் கதவோடு கதையை நிறுத்தாதீர்கள். இரவுக் கடமை முடிந்து பஸ்ஸேறும் மிஸியோடு நீங்களும் ஏறுங்கள். வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் சற்று நேரம் நிற்பார். கதை அங்கேதான் தொடங்குகிறது.