பெரிய எஞ்சின் மட்டும் போதுமா?

ஓடைப்பட்டியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி மலைப்பாதை ஏறும் பழைய அம்பாசடர் காரைப் பாருங்கள். அதன் 1489 கன செ.மீ. எஞ்சினும், எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம்.

எம்.ஜி.ஏ.வுக்குப் பின் வந்த எம்.ஜி.பி.யின் எஞ்சின் 1798 கன செ.மீ. 1973இல் அதற்குப் பதிலாக 3528 கன செ.மீ. ரோவர் வி-8 எஞ்சினைப் பொருத்தினார்கள். கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அலுமினிய எஞ்சின் ஆதலால் எடை அதிகம் மாறவில்லை. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் பழைய அம்பாசடரில் வேறு எஞ்சின் ஏற்றுவதுண்டு. எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கை மறப்பது பெருங்குறை. வேகம் ஒன்றரை மடங்கானால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது! ஏற்றத்தில் எஞ்சினைப் புகழலாம். இறக்கத்தில் உயிரைக் காப்பது எது? அத்தகைய வண்டியில் ஏறுமுன், குதிரைத்திறனை மட்டுமல்ல, பிரேக்கையும் விசாரியுங்கள்.