ஆற்றுப்படையும் தன்முனைப்பு உரையும்: கலைத்துறைச் சிறுபான்மையினர்க்கான விருந்துரைகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தன்முனைப்பு உரை என்பது மலேசியத் தமிழரின் பொதுவாழ்வில் நிலைபெற்றுவிட்ட ஒரு பேச்சு வகையாகும். தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் ஆலயத் திருமண மண்டபத்திலும் இளைஞர் மன்ற ஆண்டுக் கூட்டத்திலும் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், மேடைக்கலை ஆகியவற்றை நாடும் இளையோர்க்கான பட்டறைகளிலும் வெற்றிபெற்ற கலைஞர் ஒருவரின் சிறப்புரையே நிகழ்ச்சியின் சிகரமாக அமைகிறது. இத்துணைப் பரவலான ஒரு பேச்சு வகையை நாம் கேட்டுக் கைதட்டுகிறோமே அன்றி, இலக்கிய வகைகளை அணுகுவதுபோல் அதன் அமைப்பையும் பயனையும் ஆராய்ந்து நோக்குவது அரிது.

அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையில் பணிபுரியும் கறுப்பினத்தவர்க்கும் இத்தகைய உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. அவர்தம் பட்டறிவையும் நம் பட்டறிவையும் அருகருகே வைத்து, இவ்வகை உரைகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் ஒன்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வளவுகோலை நாம் தமிழ் இலக்கிய மரபிலிருந்தே பெறுகிறோம்.

விருந்துரையின் அமைப்பு

இவ்வுரைகளுள் பெரும்பாலானவை நான்கு உறுப்புகளைக் கொண்டவை. பேச்சாளர் தம் இளமையின் வறுமையையும் தாம் பட்ட இழிவையும் கூறுவது முதலாவது. ஒரு நாள், ஒரு சொல், ஒரு மனிதர் வாயிலாகத் தம்முள் நிகழ்ந்த மனமாற்றத்தைக் கூறுவது இரண்டாவது. தாம் எய்திய உயர்வைக் கூறுவது மூன்றாவது. 'என்னால் முடிந்தது, உங்களாலும் முடியும்' என முடிப்பது நான்காவது.

இவற்றுள் இரண்டாம் உறுப்புக்கும் மூன்றாம் உறுப்புக்கும் இடையே ஒரு பெரும் இடைவெளி உண்டு. மனமாற்றம் பெற்றவர்க்கு முதல் வாய்ப்பை அளித்தவர் யார்? தேர்வுக்கு அழைத்தவர் யார்? ஊதியமில்லாத அந்த ஆண்டுகளில் சோறிட்டவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையளிக்காமலே உரை மேலேறிச் செல்கிறது. அதன் விளைவாக, வெற்றி முழுவதும் மனவுறுதியின் பயன் என்னும் கருத்து அவையில் நிலைகொள்கிறது. அங்ஙனமாயின் தோல்வி முழுவதும் மனவுறுதியின்மையின் பயன் என்பதும் சொல்லாமலே பெறப்படும். வாய்ப்பு மறுக்கப்பட்ட இளைஞன் தன்னையே நொந்துகொள்ளும் நிலை இங்கேதான் தோன்றுகிறது.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி, அவனும் சென்று பயன்பெறுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் இத்துறையைச் சுட்டுகிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் அன்றைய மேடைக்கலைஞரே. ஆதலின், கலைத்துறையினர்க்குக் கலைத்துறையினரே கூறும் ஊக்கவுரை தமிழர்க்குப் புதிதன்று.

ஆயின் ஆற்றுப்படை வெறும் ஊக்கத்தோடு நிற்பதில்லை, வழியைக் கூறுகிறது. நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கிருக்கும், பாம்பு உறையும் குழிகளை எவ்வாறு கடப்பது, தினைப்புனங் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல் வழிச்செல்வோர்மேலும் படக்கூடும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர் ஊராகக் கூறி, ஒவ்வோரிடத்தும் கிடைக்கும் உணவையும் குறிப்பிடுகிறது. வழியும் இடரும் உணவும் புரவலன் பெயரும் ஒருங்கே கூறப்படுகின்றன.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆற்றுப்படை வறிய கலைஞனை விளிப்பினும், பாட்டுடைத் தலைவனாகிய புரவலனும் அதைக் கேட்பவனே. 'நின்னை நாடி வருவோர்க்கு இவ்வாறு வழங்குவாய்' என்று ஊரறியக் கூறுவது அவன் கடமையை அவனுக்கு நினைவூட்டுவதாகும். எனவே வழி கூறப்படுகிறதா, கதவுக்கு உரியவர் அவையில் இருக்கிறாரா என்னும் இரண்டு வினாக்களை நாம் அளவுகோலாகக் கொள்கிறோம்.

கறுப்பினக் கலைஞர்தம் பட்டறிவு

1940-இல் ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹேட்டி மெக்டேனியல், அவ்விருது விழாவிலேயே பிறரினின்றும் ஒதுக்கப்பட்ட மேசையில் அமர்த்தப்பட்டார். ஒருவரின் உயர்வு அவையின் அமைப்பை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1970-இல் ஸீராக்ஸ் நிறுவனத்தில் கறுப்பின ஊழியர் தமக்கென அமைத்த குழு, பின்னர்ப் பல நிறுவனங்களில் தோன்றிய ஊழியர் குழுக்களுக்கு முன்னோடியாயிற்று. பொழுதுபோக்கு நிறுவனங்களிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. கறுப்பின வரலாற்று மாதமாகிய பிப்ரவரியில் புகழ்பெற்ற விருந்தினரை அழைத்து உரையாற்றச் செய்வது அவற்றின் வழக்கங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வுரைகளும் மேற்கூறிய நாலுறுப்பு அமைப்புக்கு விலக்கல்ல. எனினும் பொதுமேடையில் நிகழ்ந்த சில உரைகள் அவ்வமைப்பை மீறியுள்ளன. 2015 செப்டம்பரில், நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான வயோலா டேவிஸ், வெள்ளையரல்லாத பெண்களைப் பிறரிடமிருந்து பிரிப்பது வாய்ப்பு ஒன்றே என்றும், எழுதப்படாத பாத்திரங்களுக்கு எவரும் விருது வெல்ல இயலாது என்றும் கூறினார். தயாரிப்பாளரும் ஒளிபரப்பாளரும் வீற்றிருந்த அவை அது. புரவலர் செவிபடக் கூறியதாலேயே அவ்வுரை ஆற்றுப்படைத் தன்மை பெறுகிறது.

சாட்விக் போஸ்மன் 2018 மே மாதம் ஹோவர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரையும் இத்தகையதே. தொடக்கக் காலத்தில் தமக்குக் கிடைத்த ஒரு பாத்திரம் கறுப்பினத்தவரைப் பற்றிய பழகிப்போன சித்திரிப்பாக இருந்ததைக் குறித்துத் தாம் வினவியமையால் அப்பணியை இழந்ததை அவர் மாணவர்க்கு எடுத்துரைத்தார். இது வழியிலுள்ள பொறியைக் காட்டும் செயல். 2019-இல் டென்சல் வாஷிங்டனைப் பாராட்டும் விழாவில், மாணவப் பருவத்தில் ஆக்ஸ்போர்டு கோடைக்கால நடிப்புப் பயிற்சிக்குத் தாம் செல்வதற்கான கட்டணத்தை அவரே செலுத்தினார் என்பதையும் போஸ்மன் வெளிப்படுத்தினார். மனமாற்றத்துக்கும் வெற்றிக்கும் இடையே மறைந்து கிடக்கும் பற்றுச்சீட்டை அவர் அவையில் விரித்துக் காட்டினார் எனலாம்.

பேராக் மண்ணின் முன்மாதிரி

நம் மாநிலத்துக்கும் விருந்துரை மரபு உண்டு. 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. உரையாற்றினார். விருந்தினராக வந்தவர் அவையோரைப் புகழ்ந்து செல்லவில்லை. சமூகச் சீர்திருத்தத்தை வலியுறுத்தினார்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனின் தோட்ட உரைகளை இவ்வரிசையில் தலையாயவையாக நாம் கருதுகிறோம். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போயின் கூரையும் போகும். அந்நிலையில் பால்மரத் தொழிலாளரிடம் அவர் தன்னம்பிக்கையை மட்டும் வழங்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டத்திற்கே உரிமையாளராகலாம் என்னும் வழியைக் காட்டினார். கேட்டவர் வீடு திரும்புகையில் நெஞ்சில் எழுச்சியும் கையில் பங்குக் கணக்கும் இருந்தன.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கலைத்துறைக்கு

பெர்ணம் ஆற்றங்கரையில், சிலாங்கூர் மாநிலத்தை எதிர்நோக்கி அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் தொழிலும் தோட்டத்தொழிலும் கலந்த பட்டணம். 2017-இல் தனி மாவட்டமாக உயர்த்தப்பட்ட பாகான் டத்தோவைச் சேர்ந்தது. ரப்பரும் தென்னையும் செம்பனையும் வளர்ந்த இவ்வட்டாரத்தின் பிள்ளைகளுக்கு ஆலயத் திருவிழா மேடையே முதற் கலைக்கூடம். ஆயின் ஒலிபரப்பு நிலையங்களும் படத்தயாரிப்பு நிறுவனங்களும் பெரிதும் கோலாலம்பூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சார்ந்தவை. அங்குத் தங்கும் செலவு, அறிமுகம், ஒப்பந்த அறிவு ஆகிய மூன்றுமே இவ்வூர் இளைஞனின் பன்றிப்பொறிகள். பொன்னாடை போர்த்தப்பெற்ற விருந்தினர் இவை குறித்து ஒரு சொல்லும் கூறாது சென்றால், அவ்வுரையால் அவன் வழியின் ஒரு கல்லும் அகலாது.

கதவு எவ்வாறு திறக்கிறது என்பதற்கு அண்மைச் சான்று 'ஜகாட்' திரைப்படம். சஞ்சை குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த இப்படம், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016-இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழியால் பிரித்த விதிமுறை, இதனைப் பிறமொழிப் படங்களுக்குரிய பிரிவில் ஒதுக்கியது. திரைத்துறையினரிடையே எழுந்த எதிர்ப்பின் விளைவாக விதிமுறை திருத்தப்பட்டது. ஜகாட் சிறந்த மலேசியத் திரைப்படத்திற்கான விருதை வென்றது. இயக்குநரின் திறன் முன்பே இருந்தது, மாறியது விதிமுறை. இவ்வரலாற்றில் விதிமுறையைத் தவிர்த்து, விடாமுயற்சியை மட்டும் எடுத்துக் கூறும் உரை பாதி உண்மையையே கூறுவதாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

தன் இனத்தான் ஒருவன் மேடையில் நிற்பதைக் காண்பதே பயன்தானே என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. தன்னை ஒத்தவர் எவரையும் உயரத்தில் காணாத சமூகத்தில் காட்சியே ஒரு கல்வியாகும். விதிகள் மாறும்வரை மனம் தளராதிருக்க ஊக்கமும் வேண்டும். ஆற்றுப்படையும் பரிசில் பெற்றோனின் செழிப்பைக் காட்டியே தொடங்குகிறது. ஆயினும் அது தொடக்கமேயன்றி முடிவன்று. செழிப்பைக் காட்டி வழியைக் கூறாது விடுவது, பசித்தவனுக்கு ஏப்பம் கேட்பிப்பதை ஒக்கும்.

முடிவுரை

நாம் வேண்டுவது விருந்துரைகளை நிறுத்துவதன்று; அவற்றை ஆற்றுப்படையாக்குவது. ஏற்பாட்டாளர்கள் உரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை வினாக்களுக்கு ஒதுக்கலாம். முதல் வேலை யாரால் கிடைத்தது, முதல் ஆண்டு எவ்வாறு கழிந்தது, ஒப்பந்தத்தில் எதனைக் கவனிக்க வேண்டும், எவ்விதி தடையாக நின்றது என விருந்தினரை வினவலாம். அதனினும் முதன்மையானது, வேலைக்கு ஆளெடுக்கும் உரிமையுடையோரையும் நிதி வழங்குவோரையும் அதே மண்டபத்தின் முதல் வரிசையில் அமரச் செய்வது. வாய்ப்பற்றோர் மட்டுமே கேட்கும் உரையால் புரவலரின் கடமை மறக்கப்படுகிறது. அமெரிக்க நிறுவன அரங்காயினும் ஹுத்தான் மெலிந்தாங் ஆலய மண்டபமாயினும், வழி நடப்போனும் கதவுக்கு உரியவனும் ஒருங்கே கேட்கும்போதுதான் அவ்வுரை பாணர் காலத்து மரபுக்கு உரியதாகும்.