பனிவண்டியின் சஸ்பென்ஷன்: உடைந்த இடமும் உடைத்த இடமும்

பனிவண்டிக்கு முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரே ரப்பர் டிராக். பின் சஸ்பென்ஷன் முழுவதும் அந்த டிராக்கின் வளையத்துக்குள் அடங்கியிருக்கிறது: இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள், அவற்றை வண்டியின் உடலோடு இணைக்கும் முன்கையும் பின்கையும், இரண்டு ஷாக் அப்சார்பர்கள், பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஜோடி முறுக்கு ஸ்பிரிங், டிராக்கைத் தாங்கி உருளும் சிறு சக்கரங்கள். கியூபெக்கின் வால்கூர் ஊரிலிருந்து 1959-இல் ஸ்கீ-டூ சந்தைக்கு வந்தபோது டிராக்கைத் தாங்கியவை வெறும் சக்கரத் தொகுதிகள்தான். தண்டவாள அமைப்பு பிறகு வந்தது. சவாரி சொகுசானது, பராமரிப்பு வேலை கூடியது. மேடு பள்ளங்களில் குலுங்கும் அத்தனை மூட்டுகளும் பனியிலும் நீரிலும் நனைந்தபடியே வேலை செய்கின்றன.

அதிகம் பழுதாவது சக்கர பேரிங். 18 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,350 முறை சுழல்கிறது. சவாரி முடிந்து வண்டியை அதிக அழுத்தத் தண்ணீரில் கழுவினால், சீலைத் தாண்டி நீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கிறது. அடுத்த பருவத்துக்குள் துரு பிடித்துவிடும். புது பேரிங்கும் அதே கழுவலில் அதே கதிக்கு ஆளாகும். டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றினால் போதும்: நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுழலும், கெட்டது மணல் அரைபடுவதுபோல் கரகரக்கும்.

தண்டவாளத்தின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைக்குப் பனியே மசகு. அது தயாராகும் பாலிஎத்திலீன் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகும். வெறும் பனிக்கட்டியிலோ இறுகிய பாதையிலோ நெடுநேரம் ஓட்டினால் பட்டை இளகி, டிராக்கின் உலோகக் கொக்கிகளில் ஒட்டுகிறது. அடிக்கடி பட்டை மாற்றுபவர்களுக்கு உண்மையில் தேவை, பனியைக் கீறி டிராக்குக்குள் தெறிக்கவைக்கும் கம்பிகள். விலை குறைவு, பலன் பெரிது.

கைகளும் அவற்றின் தண்டுகளும் உடைவதுதான் ஆபத்தானது. வேகத்தில் நேர்ந்தால் டிராக் இறுகி நின்றுவிடலாம். வெல்டிங்கில் விரிசல் கண்டால் ‘பாகம் சொத்தை’ என்று முடிவுகட்டி, அதைவிடக் கனமானதை வாங்குவது வழக்கம். அது பெரும்பாலும் வீண் செலவு. உடைந்த பாகத்தையோ போல்ட்டையோ கையில் எடுத்து முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி, அலை ஒதுங்கிய கரைபோல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தால், விரிசல் பல சவாரிகளில் மெல்ல வளர்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியில் சொரசொரப்பாகத் தெரியும் சிறு பகுதி மட்டுமே அன்றைக்கு முறிந்தது. முகம் முழுக்கச் சொரசொரப்பு என்றால் பாறையோ மரக்கட்டையோ கொடுத்த ஒரே அடி.

மெல்ல வளர்ந்த விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்துப் பாகத்தில் இருக்கும். கையின் மூட்டிலுள்ள புஷ் வறண்டு தண்டைப் பிடித்துக்கொண்டால், சுழலவேண்டிய கை முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு வெல்டிங்கில் போய்ச் சேர்கிறது. கிரீஸ் முனையில் அடித்ததே போதும் என்று நம்பக்கூடாது. பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் புதியது இடுக்கு வழியே வெளியேறிவிடும். கழற்றித் துடைத்துப் பூசுவது மட்டுமே நிச்சயம். தண்டின் ஒரு முனை போல்ட் தளர்ந்தால் மறுமுனை தனியாகச் சுமக்கிறது. ஆகவே இரண்டையும் மாற்றி, கையேடு சொல்லும் முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, சில சவாரிகளுக்குப் பின் மறுபடி சரிபார்க்கவேண்டும்.

முறுக்கு ஸ்பிரிங் திரும்பத் திரும்ப உடைந்தால் சுமையை அளக்கவேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி சஸ்பென்ஷனை முழுதாக நீட்டி உயரத்தைக் குறித்துக்கொண்டு, ஓட்டுபவர் முழுக் குளிர்கால உடையோடு உட்கார்ந்தபின் மீண்டும் அளந்தால், எவ்வளவு தாழ்கிறது என்பது தெரியும். கையேடு தரும் அளவைவிட அதிகம் தாழ்ந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அடிமட்டத்தில் மோதுகிறது. ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் ஜோடியாக மாற்றப்படவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் ஒருபக்கம் சாயும். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரும் இதே மோதலை உண்டாக்கும் என்பதால், ஸ்பிரிங்கை வாங்குமுன் ஷாக்கின் தண்டைத் துடைத்து, ஓட்டியபின் ஈரம் கண்டால் சீலை மாற்றுவது முதல் வேலை.