பொருந்தும் என்றால் எதற்குப் பொருந்தும்? பவர் மீட்டரும் செயின்ரிங்கும்

சைக்கிள் பாகம் விற்கிற எந்தக் கம்பெனியின் விவரத்தாளை எடுத்தாலும் ஒரு கட்டம் போட்ட பட்டியல் இருக்கும். இந்த பவர் மீட்டருக்கு இந்தச் செயின்ரிங் பொருந்தும், இது பொருந்தாது. டிக் இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு. பலரும் இதைப் பார்த்துத்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலையைக் கொடுத்து பவர் மீட்டரும், அதன்மேல் ஒரு ஜோடிச் செயின்ரிங்கும் வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலின் மீதுதான் இந்த விமர்சனம். அது பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று கேள்வி இருக்கிற இடத்தில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறது.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: செயின்ரிங் என்பது நம்ம மெக்கானிக்குகள் செயின்வீல் என்று சொல்லும் முன்பக்கப் பல்சக்கரம். பவர் மீட்டர் என்பது நாம் மிதிக்கும் விசையையும் பெடல் சுழலும் வேகத்தையும் அளந்து, பெருக்கி, வாட்டில் காட்டும் கருவி. பாபநாசம் நீர்மின் நிலையத்தின் திறன் 32 மெகாவாட். ஆளுக்கு 200 வாட் மிதித்தால் அதற்கு ஈடாக 1,60,000 பேர் வேண்டும். நாம் எவ்வளவு சின்ன எஞ்சின் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

நெல்லையில் இந்தக் கருவிக்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றோடு மேற்கே போகிறவருக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, காற்று மணிக்கு 20 கி.மீ., சமதளம் என்று வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 170 வாட் மிதித்தால் எதிர்காற்றில் சுமார் 21 கி.மீ. வேகம். காற்றே இல்லையென்றால் 32. திரும்பி வரும்போது முதுகில் காற்று தள்ள 45. மூன்றிலும் உழைப்பு ஒன்றுதான். வேகமானியை நம்பிப் பயிற்சி செய்கிறவர் போகும்போது தன்னைத் திட்டுவார், வரும்போது தன்னை மெச்சுவார். இரண்டுமே தப்பு. இங்கே வாட் ஒன்றுதான் நேர்மையான கணக்கு. அதனால்தான் அந்த எண் கெடாமல் இருப்பது முக்கியம்.

சரி, முதல் கேள்வி: போல்ட் மாட்டுமா?

பட்டியல் நன்றாகப் பதில் சொல்லும் கேள்வி இது. செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் கணக்கு. பழைய ஐந்து கை கிராங்குகளில் 130 மி.மீ. வட்டம் என்றால் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. 34 வேண்டுமென்றால் 110 மி.மீ. வட்டமுள்ள வேறு கிராங்கே வாங்க வேண்டும். 2012இல் ஷிமானோ தன் டியூரா ஏஸ் 9000 வரிசையில் சமமற்ற இடைவெளியுள்ள நான்கு கை அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பிறகு ஒரே கிராங்கில் 34 பல்லையும் மாட்டலாம், 53 பல்லையும் மாட்டலாம். உண்மையிலேயே நல்ல காரியம்.

இங்கேயும் பட்டியல் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. பெரிய ரிங்கின் உட்பக்கத்தில் செயினைத் தூக்கிவிடும் சரிவுகளும் ஆணிகளும் குறிப்பிட்ட ஒரு சிறிய ரிங்குக்காகவே அமைக்கப்பட்டவை. 50க்கு 34, 52க்கு 36. இருப்பதை வைத்து 52ஐயும் 34ஐயும் சேர்த்தால் போல்ட் மாட்டும். ஆனால் 18 பல் வித்தியாசத்தில் முன் டிரெய்லர் திணறும், செயின் கழன்று விழும்.

இரண்டாவது கேள்வி: அளவு கெடாமல் இருக்குமா?

இது மீட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெடலிலோ இடது கிராங்கிலோ இருந்தால் வட்டமான எந்தச் செயின்ரிங்கை மாற்றினாலும் அதற்குக் கவலை இல்லை. கிராங்குக்கும் செயின்ரிங்குக்கும் நடுவே இருக்கும் ஸ்பைடரில் இருந்தால் கதை வேறு. விசை அந்தக் கைகள் வழியாகத்தான் ரிங்குக்குப் போகிறது. கைகள் எவ்வளவு வளைகின்றன என்பதைத்தான் உள்ளே இருக்கும் உணரிகள் அளக்கின்றன. ரிங்கின் விறைப்பு மாறினால், போல்ட் ஒன்று தளர்வாக இருந்தால், அந்த வளைவும் கொஞ்சம் மாறும்.

அதனால் ரிங் மாற்றியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவு முறுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி திருத்த வேண்டும். டார்க் காட்டும் மீட்டராக இருந்தால் இன்னும் ஒரு சோதனை செய்யலாம். பலசரக்குக் கடையில் முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் கிடைக்கும். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிராங்கைத் தரைக்கு இணையாக முன்னோக்கி நிறுத்தி, பெடலில் அதைத் தொங்கவிடுங்கள். 170 மி.மீ. கிராங்குக்கு 33.4 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். பெரிய ரிங்கில் ஒரு தடவை, சிறிய ரிங்கில் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்த ரிங் அந்த மீட்டருக்குப் பொருந்துகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். கம்பெனியின் டிக்கைவிட இந்த எடைக்கல்லுக்கு மதிப்பு அதிகம்.

முட்டை வடிவச் செயின்ரிங்குகளில்தான் பட்டியலின் மௌனம் உறுத்துகிறது. 2012இல் பிராட்லி விக்கின்ஸ் ஆசிமெட்ரிக் ரிங்கோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பிறகு இவற்றுக்குத் தனி மவுசு. போல்ட் அழகாக மாட்டும், பட்டியலில் டிக்கும் இருக்கும். ஆனால் பல மீட்டர்கள் ஒரு சுற்று முழுவதற்கும் ஒரே சராசரிச் சுழல்வேகத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. முட்டை ரிங்கிலோ, நாம் அழுத்தி மிதிக்கும் இடத்தில் கால் மெதுவாகவும் மற்ற இடத்தில் வேகமாகவும் போகிறது. அதிக விசையை அதைவிட அதிகமான சராசரி வேகத்தோடு பெருக்கினால் என்ன வரும்? உழைக்காத வாட். சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். ரிங் மாற்றிய அன்றே பலம் கூடிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஃபவேரோ அசியோமா பெடல் போல, சுற்றுக்குள் நொடிக்கு நொடி மாறும் வேகத்தை அளக்கிற மீட்டர்கள் இந்தக் குறையைச் சரிசெய்கின்றன. இதைப் பட்டியலிலேயே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு வகையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த ரெட் ஏஎக்ஸ்எஸ் மீட்டரில் செயின்ரிங்கும் மீட்டரும் ஒரே உருப்படி. பொருத்தப் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். ஆனால் செயின்ரிங் தேயும் பொருள், மீட்டர் தேயாத பொருள். பல் தேய்ந்தால் மீட்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். செருப்பு தேய்ந்ததற்குக் காலையே மாற்றச் சொல்வது போலத்தான் இது.

மூன்றாவது கேள்வி: நம்ம சாலைக்கும் நம்ம காலுக்கும் பொருந்துமா?

இதைப் பட்டியல் தொடுவதே இல்லை. 52/36 என்றால் வேகமானவர்களுக்கு, 50/34 என்றால் ஆரம்பநிலைக்கு என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. கணக்குப் பார்ப்போம். முதுகில் காற்றோடு 45 கி.மீ. வேகம் என்றோமே, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் அதற்கு 50/13 ஏறக்குறையப் போதும். அதற்கு மேலும் 12, 11 என்று இரண்டு பல் மிச்சம். 50/11இல் 90 சுற்றுக்கு 51 கி.மீ.க்கு மேல் போகும். அந்த வேகம் தினமும் தேவைப்படுகிறவர் இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

எதிர்காற்றில் 21 கி.மீ. வேகத்துக்கு 34/17 கச்சிதம். 36 இருந்தால் 18. இதில் இரண்டும் சமம். மலையில்தான் வித்தியாசம். காரையாறு, மாஞ்சோலை எல்லாம் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம், தினம் போகிற பாதை இல்லை. ஆனால் எங்கேயாவது 7 சதவீத ஏற்றம் வந்தால், 34/30இல் 70 சுற்று மிதிக்க சுமார் 170 வாட் போதும். பழைய 39/28இல் அதே 70 சுற்றுக்கு 210 வாட் வேண்டும். 170 வாட் ஆள் அதில் 57 சுற்றுக்கு இறங்கி, முழங்காலால் விலை கொடுப்பார்.

50/34க்கும் குறை உண்டு. பெரிய ரிங்கிலிருந்து சிறியதுக்கு இறங்கினால் கால் வேகம் 47 சதவீதம் எகிறும். காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாளில் இது எரிச்சல்தான். 48/35 போன்ற ஜோடியில் அது 37 சதவீதம். ஆனால் அதற்கு அந்தக் கம்பெனியின் கிராங், செயின் எல்லாமே வேண்டும். இருக்கிற வண்டியை வைத்துப் பார்த்தால், இந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டும் பெரும்பாலோருக்கு நான்கு கை 110 கிராங்கில் 50/34, வட்ட ரிங், பின்னால் 11-30 என்பதே என் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரை முதலில் வாங்கி, வண்டியோடு வந்த ரிங்கிலேயே ஆடியில் ஒரு மாதம், மார்கழியில் ஒரு மாதம் ஓட்டுங்கள். எந்த வாட்டில் கால் எத்தனை சுற்றுக்கு இறங்குகிறது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். அதைப் பார்த்துப் பல் எண்ணிக்கையைத் தீர்மானித்துவிட்டு, கடைசியாகப் பட்டியலைத் திறந்து போல்ட் மாட்டுமா என்று பாருங்கள். அந்த ஒரு வேலைக்கு அது நன்றாகவே உதவும்.